பதினோராம் வளைவில் சொட்டிய எண்ணெய்

போன மாதம் பேட்டையில் நான் முப்பது வருஷம் வேலை பார்த்த லாரிப் பட்டறைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவன் பழைய பட்டறைக்குப் போக ஒரே காரணம்தான் உண்டு. வீட்டில் அவனிடம் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. எனக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. என் முழங்கால்தான் என்னைவிடச் சில வருஷம் முன்னதாக ஓய்வு பெற்றுக்கொண்டது.

பட்டறையில் புதிதாக ஒரு விளக்கு வாங்கியிருந்தார்கள். எண்ணெயில் ஒரு சாயத்தைக் கலந்து, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஊதா வெளிச்சத்தை அடித்தால் ஒழுகும் இடம் பச்சையாக ஒளிர்கிறது. ஐந்து நிமிஷ வேலை. நானும் ஆர்வமாகத் தொட்டுப் பார்த்தேன். ஒருவன் விளக்கை என் கையின் மேல் திருப்பினான். இருட்டு மூலையில் என் வலது கட்டைவிரல் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அதன் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. இளம் வயதில் ஃபேன் பெல்ட்டில் சிக்கிப் பிளந்த தழும்பு அது.

"அண்ணாச்சிதான் லீக்கு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

"இதெல்லாம் இல்லாத காலத்துல எப்பிடி அண்ணாச்சி கண்டுபிடிச்சீய?" என்று கேட்டார்கள். ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையில் சொல்லியிருக்க வேண்டியது இது.

பள்ளிப் படிப்பு முடித்துப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் நாலு வருஷத்தில் கற்றது, எந்த ஸ்பானரை யார் கேட்கிறார்கள் என்பதைக் குரலை வைத்தே அறிவது. அதற்குப் பிறகு கற்றதெல்லாம் தேவசகாயம் மேஸ்திரியிடம். பாளையங்கோட்டைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போலவே ஒன்றைத் திங்கட்கிழமை பட்டறைக்கும் போட்டு வருவார். மாலையில் அது வெள்ளையாகவே திரும்பிப் போகும். நாங்கள் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தவர்கள் போல நிற்போம். எப்படி என்று கேட்டால், "அழுக்கு எங்க இருக்குன்னு தெரிஞ்சிருந்தும் அதுல போய் ஏன் வே சாயுதீரு?" என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அது உயராதா என்று சில நாள் ஏங்கியிருக்கிறேன். திட்டு வாங்கினால் கணக்குத் தீர்ந்துவிடும். அவர் திட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒழுக்குப் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. நனைந்த இடத்தை நம்பக் கூடாது. எண்ணெய், கசிந்த இடத்தில் நிற்காது. கீழே இறங்கும், ஓடுகிற வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். எனவே நனைந்த இடத்திலிருந்து மேலேயும் முன்னேயும் தேடிப் போக வேண்டும். முதலில் டீசலில் கழுவ வேண்டும், பிறகு மண்ணெண்ணெயில். துடைத்து, காற்றடித்து உலர்த்தி, பள்ளிக்கூடச் சாக்கட்டியை இடித்துச் சலித்த பொடியை மேலெல்லாம் தூவ வேண்டும். வண்டியை ஓட்டி நிறுத்திப் பார்த்தால், வெள்ளையில் முதலில் கறுக்கும் இடம்தான் ஊற்று. ஒருமுறை சாக்கட்டி தீர்ந்துபோய் நான் முகப்பவுடரைத் தூவினேன். இரண்டு நாள் அந்த வண்டி கல்யாண வீடு போல மணத்தது. ஓட்டிப் போன டிரைவரின் வீட்டில் அது பற்றிக் கடுமையான விசாரணை நடந்ததாகக் கேள்வி.

அவருடைய இன்னொரு சட்டம், வெள்ளை வட்டம். அவசரத்துக்கு எங்காவது பசை அப்பி ஒட்டுப் போட நேர்ந்தால், அதைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஒட்டினவன் தன் பெயரின் முதல் எழுத்தை எழுத வேண்டும். இது நிரந்தரமல்ல, பிரித்துப் பார்க்க வேண்டியது என்று அடுத்து வருபவனுக்குத் தெரிவதற்காக. அந்தப் பெயிண்டை அவர் ஒரு பழைய நகப்பாலிஷ் குப்பியில் ஊற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பற்றிப் பல கதைகள் கட்டுவார்கள். நான் கட்டியதுதான் அதில் மோசமானது. எனவே இங்கே சொல்லவில்லை.

இனி அந்த லாரி.

முக்கூடல் முதலாளி ஒருவருடைய பழைய வண்டி. மணிமுத்தாற்றுக்கு மேலே மலைக்கு அரிசியும் சிமெண்டும் ஏற்றிப் போய், தைலமரத் தடி ஏற்றி இறங்கும். அதன் டிரைவர் சுடலை. ஒரு கார்த்திகை மாதம், தடியோடு இறங்கும்போது பதினோராம் வளைவில் வண்டி வலப்பக்கம் பள்ளத்துக்குச் சரிந்தது. இரண்டு மரங்கள் வண்டியைப் பிடித்து நிறுத்தின. சுடலையைப் பிடிக்க எதுவும் இல்லை.

வண்டி எங்கள் பட்டறைக்குத்தான் வந்தது. பிரேக் கோளாறா என்று பிரித்துப் பார்த்து, விபத்தை விசாரித்த அதிகாரிக்குக் கைப்பட எழுதிக் கொடுத்தவன் நான். இடது பின்சக்கரத்தின் பிரேக் லைனிங்கில் எண்ணெய் இருந்தது. சரிந்து கிடந்த வண்டியில் எண்ணெய் எங்கேதான் இருக்காது? துடைத்துவிட்டு, "பிரேக்கில் கோளாறு இல்லை" என்று எழுதினேன். வண்டியில் கோளாறு இல்லையென்றால் ஓட்டினவனிடம்தானே இருக்க வேண்டும். தூங்கிவிட்டான் என்றது பாதி ஊர். குடித்திருந்தான் என்றது மீதி.

சுடலையின் தம்பி இசக்கி அதே வண்டியை ஓட்ட வந்தான். அடுத்த வருஷ மழைக்காலத்தில் ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, வண்டி ஒழுகுது."

"எங்கலே?"

"பதினோராம் வளைவுல."

"வண்டியில எங்கன்னு கேட்டேன்."

"வண்டியில எங்கன்னு தெரியல. பதினோராம் வளைவுல ஒழுகுது. வேற எங்கயும் ஒழுகல."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு நடையும் அங்கன மட்டும் சொட்டுது அண்ணாச்சி. அண்ணன் விழுந்த இடத்துல, அதே ஓரத்துல. மழை பேஞ்சாலும் அந்தக் கறை போவல. மலைக்காரங்க எலுமிச்சம்பழம் வச்சிட்டுப் போறாங்க."

"வேற?"

"அங்கன பிரேக்க மிதிச்சா வண்டி வலப்பக்கம் இழுக்கு. பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து ஸ்டியரிங்க பைய இழுக்க மாதிரி." கொஞ்சம் நிறுத்தி, "வெள்ளிக்கிழமை பத்து டன் தடியோட இறங்கணும். அதுக்குள்ள என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். "மதினி ஓட்டக் கூடாதுன்னு அழுதா. அவளுக்கும் அவ பிள்ளையளுக்கும் நான் ஒருத்தன்தான்."

நான் பேயை நம்பாதவன். நூலகத்தில் துப்பறியும் நாவல் அலமாரியை இரண்டு சுற்று முடித்தவன். முதல் அத்தியாயத்தில் பேய் வந்தால் கடைசி அத்தியாயத்தில் ஒரு குமாஸ்தா பிடிபடுவார் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் வண்டியை உள்ளே விட்டேன்.

கழுவி, உலர்த்தி, பொடி தூவினேன். அடியில் அட்டை விரித்து ஒரு பகல் நிறுத்தினேன். அட்டை அப்படியே இருந்தது. மணல் ஏற்றி முக்கூடல் வரை போய் வந்தேன். ஒரு சொட்டு இல்லை. இரண்டாம் நாள் பின்சக்கரங்களைக் கழற்றினேன். இடது லைனிங்கில் மட்டும் மெல்லிய எண்ணெய் மினுமினுப்பு. அச்சு எண்ணெயை உள்ளேயே நிறுத்தும் ரப்பர் வளையம், ஆயில் சீல், போய்விட்டது, குமாஸ்தா பிடிபட்டார் என்று நினைத்து, பழைய சீலைக் கழற்றி மேஸ்திரியிடம் வெற்றியோடு நீட்டினேன்.

தேவசகாயம் அதன் உதட்டை விரலால் தடவினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் நல்லாத்தான் இருக்கு வே. எண்ணெய் இதுக்குள்ளேர்ந்து வரல. வெளியேர்ந்து பிரேக் டிரம்முக்குள்ள போயிருக்கு."

"வெளிய எங்கயும் ஈரம் இல்லையே மேஸ்திரி."

"இங்க இல்ல." கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். "நாளைக்கு மலைக்குப் போவோம்."

அப்படித்தான் வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கேபினில் உட்கார்ந்து மலை ஏறினோம். ஏறும்போது ஒன்றும் நடக்கவில்லை. மேலே தடி ஏற்றி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. இறங்கத் தொடங்கியபோது பள்ளத்திலிருந்து மூடுபனியாக மஞ்சு ஏறி வந்தது. பகல் மூன்று மணிக்கு விளக்குப் போட்டு ஓட்டினான் இசக்கி. கண்ணாடிக்கு முன்னால் பத்தடி சாலை, அதற்கப்பால் பால். தைலமர வாசனை மூக்கை அடைத்தது. வளைவு ஒவ்வொன்றாகத் தாண்டும்போது யாரும் எண்ணவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் எண்ணிக்கை தெரிந்திருந்தது.

பதினோராவது இடப்பக்கம் திரும்புகிற கொண்டை ஊசி. மலைப்பக்கமாகச் சாலை நன்றாகச் சாய்ந்திருக்கும். இசக்கி பிரேக்கை மிதித்தான். வண்டி வலப்பக்கம், பள்ளத்தைப் பார்த்து, மெதுவாக நகர்ந்தது. அவன் சொன்னது சரி. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து இழுப்பது போலவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். என் கைகள் என் மடியில்தான் இருந்தன என்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

வண்டி நின்றது. இசக்கி இன்ஜினை அணைத்து இறங்கி, சக்கரங்களுக்குக் கல் வைத்தான். ஒரு பீடியைப் பற்ற வைத்து, தான் இழுக்காமல், சாலையோரக் கல்லின் மேல் வைத்தான். அங்கே காய்ந்த எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. தார்ச்சாலையில் ஒரு தாம்பாளம் அளவுக்குக் கறை.

சத்தம் என்று எதுவும் இல்லை. சூடான இரும்பு ஆறும்போது முறிகிற மெல்லிய ஓசை மட்டும். பிறகு அதுவும் நின்றது.

டொக்.

மூன்று பேரும் அசையவில்லை.

டொக்.

தேவசகாயம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு விநாடிக்கு ஒண்ணு" என்றார், காய்ச்சல் பார்த்துச் சொல்வது போல. "அடியில போம் வே."

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். கையில் டார்ச். இடது பின்சக்கரத்தின் உட்பக்கம், அச்சின் இரும்புக் கூட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டுப் பொடி டப்பாவைத் திறந்தேன். மஞ்சில் நனைந்து சாக்கட்டிப் பொடி மாவாகியிருந்தது.

"மேஸ்திரி, பொடி போச்சு."

 வெளியிலிருந்து இசக்கி தயங்கியபடி, "கேபின்ல திருநீறு இருக்கு" என்றான். தேவசகாயம் வேதக்காரர், தாத்தா காலத்திலிருந்து கிறிஸ்தவக் குடும்பம். அவர் என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன்.

"உலந்திருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

உலர்ந்திருந்தது. அச்சுக்கூட்டுக்கு, நெற்றியில் பூசுவது போலத் திருநீறு பூசினேன். இசக்கி சக்கரத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து இன்னொரு டார்ச்சை அடித்தான். வெள்ளையின் நடுவே ஒரு கறுப்புக் கோடு மெல்லத் தோன்றியது. யாரோ உள்ளிருந்து எழுதுவது போல வளைந்து வளைந்து வந்து, காலணா அகலத்துக்கு ஓர் அரைவட்டம் போட்டு நின்றது.

அரைவட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். கறுப்புப் பெயிண்ட் தோல் போல உரிந்து வந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் பசை. இரும்பல்ல, பசை. அதன் ஓரத்தில்தான் கசிவு. ஊற்று எங்கே என்று சரியாகப் பார்க்க, மறுபடி திருநீற்றைத் தூவி ஊதினேன். பள்ளமான இடத்தில் மட்டும் திருநீறு தங்கியது.

அது ஒரு விரல் தடம்.

"அண்ணாச்சி" என்றான் இசக்கி, மிக மெதுவாக. "அது விரலுல்லா."

நான் டார்ச்சை இன்னும் நெருக்கிப் பிடித்தேன்.

"அண்ணன் விரலா?"

தடத்தின் குறுக்கே, சற்றுச் சாய்வாக, ஒரு மெல்லிய வரப்பு இருந்தது. என் வலது கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன். தாழ்ப்பாள் துளைக்குள் இறங்குவது போல இறங்கி உட்கார்ந்தது. என் தழும்பின் பிளவுக்குள் அந்த வரப்பு சரியாகப் பொருந்தியது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நினைவு வந்தது என்று எழுதுவது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது.

சுடலை சாவதற்கு முந்தின ஆயுத பூசை. பூசைக்கு முதல் நாள் எங்கள் பட்டறை வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும். கழுவி, அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, சக்கர நட்டுகளுக்கு வெள்ளிப் பூச்சு. பூசையன்று பளபளக்காத வண்டி முதலாளிக்கு மானக்கேடு. அந்த வரிசையில் சுடலை வந்து, "அண்ணாச்சி, இடது சக்கரத்துப் பக்கம் லேசா ஈரம் இருக்கு" என்றான். பார்த்தேன். மயிரிழை போல ஒரு கோடு. துடைத்தேன், பசையை அப்பினேன், கட்டைவிரலால் அழுத்தினேன். "பூசை கழிச்சு வா, பிரிச்சிருவோம்" என்றேன். வட்டம் போட மேஸ்திரியிடம் குப்பி கேட்கப் போனால், ஏன் இப்போதே பிரிக்கவில்லை என்று பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து போகவில்லை. பத்து நிமிஷத்தில் பெயிண்ட் அடிக்கிறவன் வந்து எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டான். வட்டம் இருந்திருந்தால் அவன் அதைத் தொட்டிருக்க மாட்டான். பூசை கழிந்தது. நான் மறந்தேன். சுடலை என்னை நம்பினான்.

"என்ன தெரியுது வே?" வெளியிலிருந்து தேவசகாயம்.

"விரிசல் மேஸ்திரி."

"வேற?"

கட்டைவிரலைத் தடத்திலிருந்து எடுத்தேன். அப்போது அவர் எனக்குத் தெரிந்து ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தார். ஈரத் தாரில், எண்ணெய்க் கறையின் மேலேயே, வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்து வந்தார். பசையைப் பார்த்தார். தடத்தைப் பார்த்தார். என் கட்டைவிரலில் ஒட்டியிருந்த திருநீற்றைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து நகப்பாலிஷ் குப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வட்டம் போடும்."

மல்லாந்தபடி போட்டதில் வட்டம் கோழிமுட்டை போல வந்தது. உள்ளே 'ரா' என்று எழுதினேன்.

"அது என்ன எழுத்து அண்ணாச்சி?" என்றான் இசக்கி.

"என் எழுத்து. ராமையாவுக்கு ரா."

"இப்ப எதுக்குப் போடுதீய?"

"போட வேண்டிய அன்னைக்குப் போடல. உங்க அண்ணன் உசிரோட இருந்த கடைசிப் பூசைக்கு முந்தின நாள்."

அவன் டார்ச்சை அணைத்தான். வண்டியடியின் அரையிருட்டில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் பேயென்று ஒன்று இருந்து, அது இப்போது என் காலைப் பிடித்து இழுத்துப் போனால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அப்படி எதுவும் வரவில்லை. எனக்காக வர அங்கே யாரும் இல்லை.

வெளியே வந்ததும் தேவசகாயம் இசக்கியிடம் பொறுமையாக விளக்கினார். பாரம் ஏறினால் அச்சுக்கூடு அழுந்தி விரிசல் வாய் திறக்கிறது. மலையிறங்கும் சூட்டில் எண்ணெய் நீர்க்கிறது. இந்தச் சாய்வில் அது இடப்பக்கம் ஏறி விரிசலைத் தொடுகிறது. கசிந்தது டிரம்முக்குள் போய் இடது பிரேக்கை வழுக்கிவிட, வலது பிரேக் மட்டும் பிடித்து வண்டியை வலப்பக்கம் இழுக்கிறது. சமதளத்தில் இதில் ஒன்றும் நடக்காது.

"இங்க மட்டும் சொட்டுனது, நீரு இங்க நிப்பாட்டுனதால. பீடி வைக்கணும்னு நீரு நிக்கலேன்னா, ஓடுத வண்டியில அது சிதறிப் போயிருக்கும். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். சற்று யோசித்து, "ஒருநாள் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

தடியை அங்கேயே இறக்கிப் போட்டு, வெறும் வண்டியை முதல் கியரில் இறக்கினோம். அறுபதை நெருங்கிய தேவசகாயம் கறுத்த முதுகோடு, கையில் ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தோடு கடைசி வளைவு வரை நடந்தே வந்தார். வண்டி நழுவினால் கட்டை வைக்க. பட்டறையில் அச்சைக் கழற்றி, விரிசலின் இரு முனையிலும் துளை போட்டு, அது மேலும் ஓடாதபடி நிறுத்தி, பள்ளம் வெட்டிப் பற்றவைத்தேன். கூட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே சாக்கட்டி பூசி, ஒரு நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அதிகாரிக்கும் மறுபடி கைப்பட எழுதினேன். அவர் படித்துவிட்டு, வழக்கு முடிந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார், என் நேரம் வீணானதற்காக.

அன்று மணிமுத்தாறு வந்து இறங்கியதும் இசக்கி சொன்னது ஒன்றுதான். "மதினிகிட்ட நீங்களே வந்து சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை முக்கூடலுக்குப் போனேன். சுடலையின் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். நாவல் படித்தவனாதலால் பாதி வழியில் அழகாகச் சொல்ல முயன்றேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"அப்ப அவுக தூங்கல."

"தூங்கல."

"குடிக்கவும் இல்ல."

"இல்லம்மா."

"பிரேக்க மிதிச்சிருக்காக."

"மிதிச்சிருக்கான். பிடிக்கல."

அவள் என் கையைக் காட்டச் சொன்னாள். நீட்டினேன். கட்டைவிரலைத் தொடாமல், குனிந்து, ஊசியில் நூல் கோக்கிறவள் போலப் பார்த்தாள்.

"சரி. போங்க" என்றாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வந்த யாரையும் அப்படி அனுப்ப மாட்டார்கள். கடன்காரனைக்கூட 'போய்ட்டு வாங்க' என்றுதான் சொல்வார்கள். நான் போனேன். பேருந்து நிறுத்தத்துக்கு வந்து, தார் சுட்ட பிறகுதான் செருப்பை அவள் வாசலிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பி வரச் சொல்லாத வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவது? வெறுங்காலோடு பேட்டைக்கு வந்து சேர்ந்தேன்.

மறுவாரம் இசக்கி வண்டியை எடுக்க வந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைத்தான்.

"மதினி குடுத்துவிட்டா."

என் செருப்பு. கழுவி, துடைத்து, உலர்த்தியிருந்தாள். வருஷக்கணக்கில் அடியில் ஏறிக் கிடந்த பட்டறை எண்ணெய் துளிகூட இல்லை.

அந்தச் செருப்பை நான் மறுபடி போடவில்லை. இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. பட்டறையில் அந்தப் புது விளக்கை வேண்டுமானால் ஒருநாள் வீட்டுக்கு எடுத்துப் போங்கள் அண்ணாச்சி என்றார்கள். செருப்பில் இன்னும் எது பச்சையாகத் தெரிந்துவிடுமோ என்று, வேண்டாம் என்றுவிட்டேன்.